புதுப்பிப்பு: காவலரான தம்பியின் உடம்பும் தூக்கமும்

போன மாதம் கேட்டிருந்தேன்: தம்பி இரண்டாம் நிலைக் காவலர், பந்தோபஸ்து, இரவு ரோந்து என்று தூக்கம் கெட்டு, தொப்பை விழுந்து, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறான், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஜிம் யோசனை சரிவரவில்லை. நேரம் காலம் இல்லாத வேலைக்கு மாதக் கட்டணம் தண்டம். பலன் தந்தது, ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஒருவர் சொன்னதுதான்: ரோந்தின் பின்பாதியில் டீ வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் போனைத் தொடாமல், ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டுவிட்டு நேரே படு. அப்புறம் நள்ளிரவு பரோட்டாவையும் விட்டான். எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் எரிச்சல் நன்றாகவே குறைந்திருக்கிறது.

வேலையில் சேர 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். சேர்ந்த பிறகு அவனை யாரும் மறுபடி அப்படி ஓடச் சொன்னதில்லை. இது எனக்கு இன்னும் புரியாத கணக்கு.

பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸோடு சேர்ந்து தமிழகக் காவல்துறை 2018-இல் தொடங்கிய நிறைவாழ்வுப் பயிற்சி பற்றி ஒருவர் எழுதியிருந்தார். தம்பியிடம் சொன்னதும் சிரித்தான். "கவுன்சிலிங் போனா பைத்தியம்னு பேர் வெச்சிருவாங்கண்ணே." அந்தப் பயம்தான் தொப்பையைவிடப் பெரிய சிக்கல். அவன் மனைவி மூலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2021-இல் அரசாணையாக வந்த வார ஓய்வு அவனுக்குக் கிடைக்கிறது. திருவிழா, தேர்தல் என்றால் அதுவும் பறந்துவிடும். அந்த வாரங்களில் தூக்கத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.