கேட்டை மறிச்சு கார் விடறாங்க, யார்கிட்ட போய் சொல்றது?

மாம்பலம்_மருமக:
வணக்கம் எல்லாருக்கும். மேற்கு மாம்பலத்துல ஸ்டேஷனுக்கு நடந்தே போற தூரத்துல மாமனார் கட்டின பழைய தனி வீட்ல இருக்கோம். தெரு இருபது அடிதான், டேப் வெச்சே அளந்து பாத்தாச்சு. எதிர்ல இருந்த ரெண்டு தனி வீட்டையும் பில்டர்கிட்ட குடுத்து இடிச்சு ஃப்ளாட் ஆக்கிட்டாங்க, ரெண்டு குடும்பம் இருந்த இடத்துல இப்ப பதினாறு குடும்பம். ஸ்டில்ட்ல, அதாவது கீழ தூணுக்கு நடுவுல இருக்கற பார்க்கிங்ல, ஆளுக்கு ஒரு கார்தான் நிக்கும், ரெண்டாவது கார் வாங்கினவங்க எல்லாம் தெருவுலதான் விடறாங்க. அதுல ஒருத்தர் ஆறு மாசமா எங்க கேட்டை ஒட்டி விடறாரு, ஒட்டின்னா பாதி கேட்டு அடைபட்டுடும்.

மாமாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், காலைல அஞ்சரைக்கு கிளம்பணும். போன செவ்வாய்க்கிழமை எங்க காரை வெளிய எடுக்கவே முடியல. கியர்ல போட்டு ஹேண்ட்பிரேக்கும் போட்டு விட்டிருக்காரு, தள்ளவும் முடியாது, கண்ணாடில ஒரு போன் நம்பர் கூட இல்ல. வாட்ச்மேன் மாடி ஏறி பெல் அடிச்சு அவர் கீழ வர்றதுக்குள்ள இருபத்தஞ்சு நிமிஷம் போயிடுச்சு. அவ்வளவு நேரமும் மாமா டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ஆபரேஷன் பண்ணி ஃபிஸ்டுலா வெச்ச கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு காம்பவுண்டு சுவத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தாரு. அவர் வந்து சொன்ன முதல் வார்த்தை "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா". எங்க வீட்டுக்காரரும் பதிலுக்கு பேசிட்டாரு, தெருவே வேடிக்கை பாத்துச்சு.

மறுநாள் இவரு ரெண்டு பெயிண்ட் பக்கெட்ல சிமெண்ட் போட்டு நடுவுல பைப் நட்டு சுவரோரமா வெச்சாரு, ரெண்டே நாள்ல யாரோ உருட்டி விட்டாங்க, இப்ப அவர் கார்ல கீறல் விழுந்திருக்கு அதுவும் நாங்கதான்னு சொல்றாரு. போலீஸ்ல சொன்னா கேப்பாங்களா? வீட்டு முன்னாடி இருக்கற இடத்துல நமக்கு உரிமை இருக்கா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பெல்ஸ்ரோடு_பாலா:
சிஸ்டர், இதுல ரெண்டு விஷயம் இருக்கு, நம்ம ஊர்ல பாதி சண்டை இது ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறதாலதான் வருது. வீட்டு முன்னாடி இருக்கற ரோடு உங்களுது இல்ல, உங்க காம்பவுண்டை ஒட்டி யார் வேணா வண்டி விடலாம், நோ பார்க்கிங் போர்டு போலீஸ் வெச்ச இடமா இருந்தா தப்பு. ஆனா கேட்டு வழிய மறிக்க யாருக்கும் உரிமை கிடையாது, ஒரு வீட்டோட வாசலை அடைச்சு வண்டி நிறுத்தக்கூடாதுன்னு 1989 சாலை விதிலயே இருந்துச்சு. முன்னாடி நூறு ரூபா ஃபைன், தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து 500, மறுபடி பண்ணா 1500. வண்டிய டோ பண்ணவும் போலீசுக்கு அதிகாரம் இருக்கு.

அடுத்த தடவ நூறுக்கு போன் பண்ணும்போது "பார்க்கிங் பிரச்சனை"ன்னு சொல்லாதீங்க, அப்படி சொன்னா நீங்களே பேசி தீத்துக்கோங்கம்மாம்பாங்க. "டயாலிசிஸ் பேஷண்டை கூட்டிட்டு போக முடியாம கார் வழிய மறிச்சு நிக்குது"ன்னு சொல்லுங்க. நம்பர் பிளேட்டும் உங்க கேட்டும் ஒரே போட்டோல தெரியற மாதிரி தேதி நேரத்தோட எடுத்து வெச்சுக்கோங்க.

அப்புறம் அந்த பக்கெட்டை இன்னைக்கே உள்ள எடுத்து வெச்சுடுங்க. 2024லயே டிராபிக் போலீஸ் தெளிவா சொல்லிட்டாங்க, அனுமதி இல்லாம வீட்டு முன்னாடி போர்டு, மணல் மூட்டை, பூந்தொட்டி எது வெச்சாலும் நடவடிக்கைதான்னு. நீங்க புகார் குடுத்து அவங்க வந்து பாக்கும்போது பக்கெட் நின்னா பேச்சு உங்க பக்கம் திரும்பிடும்.

மஞ்சபோர்டு_டிரைவர்:
மேடம் உங்க மாமனார் நின்னத படிச்சு மனசு கஷ்டமா போச்சு, அந்த ஆள் பண்ணது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா தெருவுல வண்டி விடறவன் பக்கமும் ஒண்ணு சொல்லணும். நான் சொந்த கேப் ஓட்டறேன், ஒரு ரூம் கிச்சன் வீட்ல வாடகைக்கு இருக்கேன், வண்டிக்கு இடம் இல்லன்னு சொல்லித்தான் வீடு குடுத்தாங்க. நைட் ஒரு மணிக்கு கடைசி டிரிப் முடிச்சுட்டு வந்தா நாலு தெரு சுத்துவேன். எல்லா வாசல்லயும் கல்லு, ஒடஞ்ச சேர், தென்னமட்டை, "வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்"னு போர்டு. அப்படி ஒரு நாள் நாலு டயர்லயும் காத்த புடுங்கி விட்டுட்டாங்க, அதுவும் நான் விட்டது கேட்டு இல்லாத சுவர் பக்கம். அன்னைக்கு ஏர்போர்ட் டிரிப் போச்சு, அந்த நாள் கலெக்‌ஷனே போச்சு.

நான் ஒரு அட்டைல நம்பர் எழுதி டேஷ்போர்டுல வெச்சுட்டுத்தான் படுப்பேன், மூணு மணிக்கு கூப்பிட்டாலும் லுங்கியோட ஓடி வந்து எடுப்பேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கிரவுண்ட் வீடுன்னா முகப்பு முப்பது அடியாவது இருக்கும், கேட்டு பத்து அடி போனா மீதி இருபது அடி. ஒரு கார் 13 அடிதான், அந்த இருபது அடில தாராளமா நிக்கும். அங்க விடாம அவரு கேட்டுகிட்ட ஏன் ஏத்தறாரு? அங்க என்ன நிக்குது?

மாம்பலம்_மருமக:
பக்கெட்டை எடுத்து உள்ள வெச்சாச்சு பாலா சார், ரொம்ப நன்றி.

டிரைவர் அண்ணா, நீங்க கேட்டதுக்கு பதில் சொல்றேன். அங்க மாமாவோட பழைய மாருதி 800 நிக்குது. கவர் போட்டு நாலு வருஷமா அப்படியே. அவர் முடியாம ஆனதுக்கப்புறம் யாரும் ஓட்டல, உள்ள ஒரு கார்தான் நிக்கும்னு அத வெளிய விட்டோம். டயர் நாலும் உக்காந்துடுச்சு, கீழ குப்பை சேந்து நாய் குட்டி போட்டிருக்கு. எங்க சுவர் எங்க காருன்னு நினைச்சுட்டு இருந்தோம், அதான் முதல்ல எழுதவே தோணல.

பெல்ஸ்ரோடு_பாலா:
அப்ப அதுவும் இந்த கணக்குலதான் வரும் சிஸ்டர். பொது இடத்துல பத்து மணி நேரத்துக்கு மேல கேட்பாரில்லாம நிக்கற வண்டிய எடுத்துட்டு போகலாம்னு மோட்டார் வாகன சட்டம் 127வது பிரிவு சொல்லுது. நாலு வருஷம் நின்ன வண்டிக்கு நம்ம பக்கம் பேச ஒண்ணுமே இல்ல.

கோடம்பாக்கம்_ரிட்டயர்டு:
அம்மா, என் அனுபவத்துல சொல்றேன். எங்க தெருவும் இருபது அடிதான், ரெண்டு பக்கமும் கார் நின்னா ஆளுக்கு ஆறு அடி போயிடும், நடுவுல எட்டு அடிதான் மிஞ்சும். தீயணைப்பு வண்டி அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தண்ணி லாரி வந்தா டிரைவர் இறங்கி வீடு வீடா பெல் அடிப்பார். எங்க தெருவுல கடைசில ஒரு பக்கம் மட்டும்தான் விடறதுன்னு பேசி முடிவு பண்ணோம். சட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது, ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேர் மொட்டைமாடில உக்காந்து பேசினதுதான். ரெண்டு வருஷமா பெரும்பாலும் நடக்குது. ஒத்துக்காத வீடு இன்னும் ஒண்ணு இருக்கு.

அந்த 800க்கு வருவோம். பெட்ரோல் காருக்கு பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா ஆர்சிய அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அது முடிஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க. பழைய இரும்புக்காரன்கிட்ட சும்மா தூக்கி குடுத்துடாதீங்க, வண்டி உங்க மாமனார் பேர்லயே இருக்கும், நாளைக்கு அந்த நம்பரை வெச்சு யாராவது எதாவது பண்ணா உங்க வாசலுக்குத்தான் வருவாங்க. அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் சென்டர்ல குடுத்து சர்டிபிகேட் வாங்கி ஆர்டிஓல ஆர்சிய கேன்சல் பண்ணிடுங்க.

மஞ்சபோர்டு_டிரைவர்:
மேடம், வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி எதிர் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, "இந்த இடத்த காலி பண்றோம், நீங்க இங்க விட்டுக்கோங்க, கேட்டை மட்டும் விட்டுடுங்க, செவ்வாய் வியாழன் சனி காலைல மாமா கிளம்பணும்"னு. வீட்டுக்காரர் வேணாம், நீங்க போய் பேசுங்க, இல்லன்னா வாட்ச்மேன வெச்சு பேசுங்க. அதுக்கப்புறமும் மறிச்சாருன்னா தயங்காம நூறுக்கு போன் பண்ணுங்க.

மாம்பலம்_மருமக:
பேசறேன் அண்ணா. எதிர் வீட்டுக்காரர்கிட்ட பேசறது கூட எனக்கு பயம் இல்ல, மாமாகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் தெரியல. அவர் முதல் முதல்ல வாங்கின கார், இப்பவும் டயாலிசிஸ் முடிஞ்சு வந்து இறங்கினா கவர் காத்துல விலகி இருக்கான்னு பாத்து இழுத்து விட்டுட்டுத்தான் உள்ள வருவாரு. நாளைக்கு வியாழக்கிழமை, வழியில கார்ல வெச்சு கேட்டுப் பாக்கறேன். ஆர்சி அவரோட பீரோலதான் இருக்கணும்.