நம்ம குடும்பம் குரூப்: மாடி பாத்ரூம் பள்ளம்

கார்த்தி: எல்லாரும் கொஞ்சம் பாருங்க அவசரம். மாடித் தளத்துக்கு கான்கிரீட் ஊத்த சென்ட்ரிங் பலகை அடிச்சிட்டு இருக்காங்க, மேஸ்திரி போன் பண்ணி பாத்ரூமுக்கு சங்கன் வேணுமா வேணாமான்னு கேக்குறாரு. சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். இன்ஜினியர் போன் எடுக்கல

ரம்யா: வேணும்னு சொல்லிடு

கார்த்தி: உனக்கு அது என்னன்னு தெரியுமா

ரம்யா: தெரியாது

பெரியப்பா: கார்த்தி அவசரப்படாத. சங்கன் ஸ்லாப்னா பாத்ரூம் வர்ற இடத்துல மட்டும் தளத்தை ஒரு அடி போல கீழ இறக்கிப் போடுறது. கழிவு பைப் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ளயே ஓடும், மேல செங்கல் ஜல்லி மாதிரி கனம் கம்மியானத கொட்டி நிரப்பி டைல்ஸ் ஒட்டிடுவாங்க, கீழ் ரூம்ல அண்ணாந்து பாத்தா ஒரு பைப்பும் தெரியாது. ஆனா டைல்ஸ் இடுக்குல இறங்குற தண்ணி அந்தப் பள்ளத்துல தேங்கும், வெளிய போக வழி கிடையாது, ஊறி ஊறி கீழ சீலிங்ல ஈரம் காட்டும், உள்ள கம்பி துருப்பிடிக்கும்

அத்தை: எங்க வீட்ல காட்டுச்சே அந்த மாதிரியா. அண்ணன் கூடவே நின்னு பாத்து கட்டுன வீடு

பெரியப்பா: அது சங்கன் இல்லம்மா, மொட்டை மாடி. வெதரிங் கோர்ஸ் வேணாம்னது உன் வீட்டுக்காரர். தளத்துக்கு மேல ஜல்லி போட்டு தண்ணி ஓட வாட்டம் குடுத்து தட்டோடு பதிக்கணும், அதத்தான் வெட்டிச் செலவுன்னார்

அத்தை: அவரு இந்த குரூப்ல இல்லைங்கிற தைரியம்

முரளி: அப்பாவ ஆட் பண்ணவா

சித்தப்பா: வேணாம்டா சாமி

தேவி: பெரிய மாமா சங்கன் போடலன்னா பைப் எங்க போகும்

பெரியப்பா: தளத்துக்கு அடியில தொங்கும், ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சுக்கலாம். ரிப்பேர்னா டைல்ஸ உடைக்க வேணாம், கீழயிருந்தே கழட்டிப் பாத்துடலாம். என் ஓட்டு இதுக்குத்தான்

தேவி: பாத்ரூமுக்குக் கீழ எந்த ரூம்

கார்த்தி: கிச்சன்

தேவி: அடுப்புக்கு மேல அந்த பைப்பா. முடியவே முடியாது

அத்தை: தேவி சொல்றது சரி

சித்தப்பா: நடுவுல ஒண்ணு, என் அலுமினிய ஏணி யார்கிட்ட இருக்கு

அத்தை: பெரியண்ணன் வீட்டு மாடியில பாத்தேன்

பெரியப்பா: அது அப்பா வாங்கின ஏணி

சித்தப்பா: வீட்ட பிரிக்கும்போது ஏணி எனக்குன்னு பேசினதுதானே

ரம்யா: ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: மேஸ்திரி போட்டோ அனுப்பிருக்காரு. ஹால் பக்கம் கம்பி கட்டியாச்சாம்

பெரியப்பா: கவர் பிளாக் எங்க, கம்பிக்கு அடியில வைக்கிற சின்ன சிமெண்ட் கட்டை? கம்பிக்கு அடியில ஜல்லிக்கல்லு சொருகி வச்சிருக்காங்க பாரு. கம்பிக்கும் கான்கிரீட்டோட வெளிமுகத்துக்கும் நடுவுல விடுற கனம்தான் கவர், தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. ஜல்லிக்கல்லுன்னா ஆள் மிதிச்சதும் நகந்துரும், கம்பி பலகைல படுத்துரும், அப்பறம் சீலிங்ல கான்கிரீட் பேந்து கம்பி வெளிய தெரியும். எல்லாத்தையும் எடுத்துட்டு பிளாக் வைக்கச் சொல்லு

ரம்யா: பெரியப்பா வாய்ஸ்ல சொல்லுங்களேன் கண்ணு வலிக்குது

சித்தப்பா: வாய்ஸ் வேணாம். போன தடவ 11 நிமிஷம்

முரளி: டேய் பால்கனி கம்பியும் பாரு. சுவர விட்டு வெளிய நீட்டிட்டு நிக்கிற தளத்துக்கு மெயின் கம்பி மேல்பக்கம் இருக்கணும், மிதிச்சு கீழ இறக்கிட்டா பால்கனி தாங்காது

பெரியப்பா: முரளி சொல்றது ரொம்ப முக்கியம்

முரளி: நாலு வருஷம் சிவில் படிச்சதுக்கு முதல் பாராட்டு மாமா

கார்த்தி: அப்ப சங்கன் போடலாமா பெரியப்பா

பெரியப்பா: கிச்சன் கீழ வருதுன்னா போடு, வேற வழியில்ல. ஆனா நிரப்புறதுக்கு முன்னாடி உள்ள வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்து, கீழ ஈரம் காட்டலன்னாதான் நிரப்பணும். பள்ளத்தோட அடியில ஒரு சின்ன பைப்ப வெளிச்சுவர் வழியா விட்டுடு, என்னிக்காவது அதுல சொட்டுச்சுன்னா உள்ள லீக்னு தெரிஞ்சிரும்

கார்த்தி: மேஸ்திரி திரும்ப லைன்ல. ஒரு அடியா முக்கா அடியாங்கிறாரு

பெரியப்பா: டாய்லெட் க்ளோசட் தரையில உக்கார்றதா சுவத்துல மாட்டுறதா? சுவத்துல மாட்டுறதுன்னா பைப் சுவர் பக்கமா போயிரும், பள்ளம் கொறச்சுக்கலாம்

தேவி: சுவத்துல மாட்டுறது

கார்த்தி: அது இன்னும் முடிவாகல

தேவி: முடிவாயிடுச்சு

கார்த்தி: முக்கா அடின்னு சொல்லிட்டேன்

பெரியப்பா: இன்ஜினியர்ட்ட கேக்காமயா? அவர் ஓகே சொல்றவரைக்கும் அந்த இடத்துல பலகை அடிக்க வேணாம்னு சொல்லு. கான்கிரீட் போடுற அன்னிக்கு நான் வந்து நிக்கிறேன், கலவை வழுக்கிட்டு ஓடணும்னு தண்ணிய ஊத்துவாங்க, அதுலயே பாதி பலம் போயிரும்

அத்தை: நானும் வரேன்

பெரியப்பா: நீ எதுக்கு

அத்தை: நீங்க நிக்கிறீங்கல்ல, அதுக்குத்தான்

கார்த்தி: இன்ஜினியர் கால் பண்றாரு இருங்க