செயலிக்குள் நிகழ்வுகளை எண்ணும் கவுண்டர், எண்ணிக்கை குறைந்து பின்னோக்கிப் போனதைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இரவுப்பணி:
2011-ல் நடந்தது, இன்னும் மனசை உறுத்துகிறது. ஐபிஎம்மின் பவர்7 செயலி உள்ள மெஷினில் ஒரு சின்ன லூப்புக்கு, அந்தக் கவுண்டர்களைப் படித்துக் காட்டும் லினக்ஸ் கருவியான பெர்ஃப் ஸ்டாட் ஓட்டினேன். ஐயாயிரத்தைத் தாண்டாத எண்ணிக்கை, திடீரென்று 429 கோடி சொச்சம். மறுபடி ஓட்டினால் ஒழுங்காக வருகிறது. 32 பிட் கவுண்டர் நிறைந்து மறுபடி சுழிக்குச் சுற்றிவிட்டது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் சுழியில் தொடங்கிய கவுண்டர் அதற்குள் எப்படி நிறையும்? கடைசியில் கர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) பிரிண்ட்கே என்ற அச்சிடும் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். முந்தைய வாசிப்பு 4,812. அடுத்தது 4,807.

அந்த இரண்டு வரியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே ஓட்டியதையும் செயலி எண்ணிவிடுகிறது, ஊகம் தப்பானால் எண்ணியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கர்னல் புது மதிப்பிலிருந்து முந்தையதைக் கழித்தபோது வந்தது -5. 32 பிட் மாஸ்க் போட்டதும் (கீழ் 32 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டதும்) அது 4294967291 ஆகி மொத்தத்தில் ஏறிவிட்டது.

அதே வருடம் கர்னலில் திருத்தம் வந்தது. புது மதிப்பு சின்னதாகி, வித்தியாசமும் 256-க்குள் இருந்தால் அது ரோல்பேக் (செயலி எண்ணியதைத் திரும்ப எடுத்தது), டெல்டா, அதாவது கூட்ட வேண்டிய வித்தியாசம், சுழி. அதற்கு மேல் என்றால் நிஜமாகவே சுற்றியிருக்கிறது.

வாட்கணக்கு:
எனக்குச் சுற்றியதுதான் பிரச்சினை. இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் செயலியில் செலவான மின்சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும் ரேப்பல் கவுண்டர்: 32 பிட், ஒரு அலகு 15.3 மைக்ரோஜூல், 65,536 ஜூலில் ஒரு சுற்று. 100 வாட் சுமையில் 11 நிமிடம்கூடத் தாங்காது. என் ஸ்கிரிப்ட் படித்ததோ 15 நிமிடத்துக்கு ஒருமுறை. சும்மா இருந்தபோது 27,000 ஜூல், முழுச் சுமையில் 24,464! அந்தக் கிராஃபைக் கூட்டத்தில் விளக்கியும் விட்டேன். மாஸ்க் ஒரு சுற்றைத்தான் பிடிக்கும், எத்தனை சுற்று என்று அதற்குத் தெரியாது. கர்னலின் ரேப்பல் டிரைவர் டைமர் வைத்து இடையிடையே படிப்பது அதனால்தான்.

பழையபேட்ச்:
256 விதியில் எனக்கு உடன்பாடில்லை. டெல்டாவைச் சுழியாக்கினால் கணக்கு கசியும். -5 என்றால் -5-ஐயே கூட்ட வேண்டியதுதானே?

என் கதை சின்னது: 48 பிட் கவுண்டருக்கு 32 பிட் மாஸ்க் போட்டு ஒரு வாரம் அலைந்தேன். அதனால் சொல்கிறேன், அகலத்தைக் கோடில் எழுதி வைக்காதீர்கள், செயலி தன் விவரத்தைச் சொல்லும் சிபியுஐடி கட்டளையிடம் கேளுங்கள். எக்ஸ்86 கர்னல் செய்வதுபோல இரண்டு மதிப்பையும் 64 பிட்டின் மேல்முனைக்கு ஷிஃப்ட் செய்து கழித்து, விடையைக் கீழே இறக்குங்கள். படிக்கும் நடுவே இன்டரப்ட் வந்து முந்தைய மதிப்பை மாற்றிவிடலாம், அதற்கு கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் லூப் (மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் எழுதி, மாறியிருந்தால் மறுபடி முயல்வது) வேண்டும். அப்புறம் சோதனையில் கவுண்டரை நிறையப்போகும் இடத்திலேயே தொடங்குங்கள். லினக்ஸில் டைமர் துடிப்புகளை எண்ணும் ஜிஃபீஸ் அப்படித்தான்: பூட் ஆன 5 நிமிடத்தில் 32 பிட்டில் சுற்றும்படி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் 100 ஹெர்ட்ஸில் 497 நாள் காத்திருந்தால்தான் அந்தப் பிழை கண்ணில் படும்.

இரவுப்பணி:
பழையபேட்ச், கசியவில்லை. படிக்கும் பாதையில் டெல்டா சுழி என்றால் முந்தைய மதிப்பைத் தொடாமலே திரும்பிவிடும். அடுத்து 4,820 வந்தால் 4,812-லிருந்து 8 கூடும், மொத்தம் சரியாகவே நிற்கும். கவுண்டர் நிறையும்போது வரும் ஓவர்ஃப்ளோ இன்டரப்ட் பாதையில் மட்டும் கொஞ்சம் பிசகும். நீங்கள் சொல்வதுபோல -5-ஐக் கூட்டினால், இரண்டு முறை படிக்கிற பயனருக்கு மொத்தமே குறைந்து தெரியும். அவரும் கழித்துத்தான் பார்ப்பார்.