கொழுப்பு மாத்திரை எனக்கு இனிப்பு நீரைக் கொண்டுவந்ததா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
வயது 63. 2014-லிருந்து தினமும் இரவு கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். முதலில் 20 மில்லிகிராம், 2019-இல் 40 ஆக்கினார்கள். போன வாரம் கிளினிக்கில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை, 6.5 வந்தது, இனிப்பு நீர் (நீரிழிவு) என்று எழுதிவிட்டார்கள். என் அப்பா அம்மாவுக்குக் கிடையாது. பல வருஷமாகப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான் குடிக்கிறேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ரத்தச் சர்க்கரை கூடலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது! பத்து வருஷமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறு நாளாக மாத்திரையைத் தொடவில்லை. நான் செய்தது தவறென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பார்மசி தம்பி:
வணக்கம் சார். கூடும் என்பது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் 13 ஆய்வுகளைச் சேர்த்து 91,140 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். 255 பேர் நான்கு வருஷம் ஸ்டாட்டின் (உங்கள் மாத்திரையும் அந்த வகைதான்) சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை வருகிறது. 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மாத்திரைத் தாளிலேயே எழுத வைத்தது. ஆனால் அதே 255 பேரில் ஏறக்குறைய ஐந்து பேர் மாரடைப்பிலிருந்தோ இதயநோய்ச் சாவிலிருந்தோ தப்பிக்கிறார்கள். தராசின் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
255-இல் ஒருவர் என்பது உங்களுக்குக் கணக்கு. அந்த ஒருவர் நானாக இருந்தால் எனக்கு அது முழுதாக ஒன்று, தம்பி. என் கிளினிக் புத்தகத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்: 2014-இல் 5.6, 2017-இல் 5.8, 2021-இல் 6.1, இப்போது 6.5. மாத்திரை ஏற ஏற சர்க்கரையும் ஏறியிருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

பிறை பசுமை:
ஐயா, இந்த வெள்ளை மாத்திரையே வேண்டாம். சீனக் கடையில் ஆங்காக் என்ற, பூஞ்சையால் புளிக்கவைத்த சிவப்பரிசி கிடைக்கும். இயற்கையானது, கொழுப்பை இறக்கும். நான் இரண்டு வருஷமாக அதைத்தான் சாப்பிடுகிறேன்.

பார்மசி தம்பி:
பசுமை, அந்தச் சிவப்பரிசியில் உள்ள மொனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே பொருள். பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். வாத்தியாருக்கு அதைச் சொல்லாதீர்கள்.

சார், உங்கள் எண்களை நன்றாகப் பாருங்கள். 2017-இலேயே 5.8. நம் மலேசியாவில் 5.7 வந்தாலே எல்லைக்கோட்டில் நிற்கிறோம், 6.3 வந்தால் நீரிழிவு. ஸ்டாட்டினால் எச்பிஏ1சி சராசரியாக 0.1 கூட ஏறுவதில்லை. உங்களுக்கு ஏறியது 0.9. பத்து வயது கூடியிருக்கிறது, எடையும் கூடியிருக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4. நம் உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்தது. எல்லைக்கோட்டில் இருந்தவரை மாத்திரை கொஞ்சம் முன்னாலேயே தள்ளியிருக்கலாம், அதுவரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
அப்படியென்றால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நான் கோட்டில் நிற்பது 2017-இலேயே தெரியும். 2019-இல் 40 ஆக்கியபோது ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்திருப்பேன், நடந்திருப்பேன், ராத்திரி ரொட்டி சானாயை விட்டிருப்பேன்.

பார்மசி தம்பி:
அதில் முழுக்க உங்கள் பக்கம்தான். 2024-இல் வந்த பெரிய தொகுப்பாய்வும் அதையே காட்டுகிறது. குறைந்த, நடுத்தர அளவில் நீரிழிவு 10 விழுக்காடு கூடுகிறது, உங்கள் 40 போன்ற அதிக அளவில் 36. மாத்திரையால் கூடுதலாக வந்தவர்களில் ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் ஆரம்பத்திலேயே சர்க்கரை அளவில் மேல் கால்வாசியில் இருந்தவர்கள். யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்த விஷயம், சொல்லியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: 2019-இல் எதற்காக 40 ஆக்கினார்கள்?

ஆயர் ஈத்தாம் அக்கா:
அண்ணே, குறுக்கே வருகிறேன். எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் சொல்லாமலே நிறுத்திட்டார். ஏழு மாசம். மார்க்கெட்டில் மீன் வாங்கிட்டு இருக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மைலோ டின்னைத் திறந்தா, பிரிக்காத மாத்திரை அட்டை பதினெட்டு இருக்கு. நிறுத்தினதாலதான்னு எந்த டாக்டரும் எழுதித் தரலை, நானும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த டின்னை நான் இன்னும் தூக்கிப் போடலை. சர்க்கரையோட நாம காலம் தள்ளலாம். நெஞ்சு நின்னா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
தம்பி கேட்டதற்குப் பதில். 2019-இல் எனக்கு இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் பதிவில் அதை எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

பார்மசி தம்பி:
சார், அப்படியென்றால் இன்று இரவே எடுங்கள். ஸ்டென்ட் உள்ளவருக்குக் கணக்கே வேறு. நீரிழிவும் சேர்ந்தால் ரத்தக் குழாய்க்கு ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து ஆறு நாள் விட்டதைச் சொல்லுங்கள். அளவைக் குறைத்து, கொழுப்பைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான எசெட்டிமைப் சேர்க்க முடியுமா என்றும் கேட்கலாம். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து அவர் முடிவு செய்வார்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை அப்பாயிண்ட்மெண்ட். சொல்லாமல் விட்டது தவறு என்ற என் குறையை அங்கேயும் சொல்வேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்கா, வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லுங்கள். மாத்திரையை விட்ட ஆறு நாளையும் புத்தகத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.