மறு: லாரி எஞ்சின் கட்டுரை – ‘நெருக்கப்பற்று’, ‘பொறிமூட்டு’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

> கனரக லாரிகளில் பெட்ரோல் பொறிக்குப் பதிலாக டீசல் பொறி பயன்படுத்தப்படுவதற்குக் காரணம், அது அதிக முறுக்குவிசை தருவதே.

லாரி எஞ்சின் பற்றி நம் குழு தமிழில் எழுதிவரும் கட்டுரையின் இந்த முதல் வரியிலேயே எனக்கு இரண்டு தகராறு. ‘டீசல் பொறி’ என்ற பெயர் ஒன்று, காரணமாகச் சொல்லியிருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுவதால் ஒரே மடலில் எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளை வைத்து எஞ்சினுக்குப் பெயர் வைத்தால் சீக்கிரமே மாட்டிக்கொள்வோம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. அந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைக் கடலை எண்ணெய்ப் பொறி என்பீர்களா? இன்றைய சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) லாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றின் எஞ்சின் டீசல் எஞ்சினை ஒட்டிச் செய்யப்பட்டதுதான். ஆனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் பதிலாக, தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும். வெளியே பார்க்க லாரி எஞ்சின், உள்ளே நடப்பது பெட்ரோல் எஞ்சினின் வேலை. இன்னொரு பக்கம் 2019இல் மஸ்தா கொண்டுவந்த ஸ்கைஆக்டிவ்-எக்ஸ். அதில் ஊற்றுவது பெட்ரோல், ஆனால் அந்த பெட்ரோலின் பெரும்பகுதி கலவையை நெருக்கும்போது ஏறும் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்கிறது, சின்னத் தீப்பொறி ஒன்றின் துணையோடு.

ஆகவே எதை ஊற்றுகிறோம் என்பதை விட்டுவிட்டு, தீ எப்படிப் பிடிக்கிறது என்பதை வைத்துப் பெயர் வைப்போம். ஆங்கிலத்திலும் பாடநூல்காரர்கள் ஸ்பார்க் இக்னிஷன் (தீப்பொறியால் எரியவைப்பது), கம்ப்ரஷன் இக்னிஷன் (நெருக்கிய சூட்டால் எரிவது) என்றுதான் பிரிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும்தான் நமக்குச் சொல் வேண்டும். ‘பொறிமூட்டு’, ‘நெருக்கப்பற்று’ என்பவை என் பரிந்துரை.

இங்கே முதல் இடைஞ்சல் ‘பொறி’. எஞ்சினும் பொறி, ஸ்பார்க்கும் பொறி. ஸ்பார்க் இக்னிஷன் எஞ்சின் என்பதை ‘பொறி எரியூட்டல் பொறி’ என்று ஒரு பழைய மடலில் எழுதியிருந்தார்கள். படிப்பவர் எலிப்பொறி வரைக்கும் போய்விட்டுத் திரும்புவார். எஞ்சினை எஞ்சின் என்றே விடலாம். லாரிப் பட்டறையில் எல்லாரும் சொல்லும் சொல் அது. பொறியைத் தீப்பொறிக்கு ஒதுக்கிவிடுவோம்.

இரண்டாவது இடைஞ்சல் கம்ப்ரஷன். ‘அமுக்கம்’ என்று முன்மொழிந்தார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் உடனே மறுத்ததில் நியாயம் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்றால் பிரஷர், குருதி அமுக்கம் என்பதைப் போல. ‘அழுத்தம்’ என்று வைத்தால் தமிழ்நாட்டில் அதே குழப்பம். ‘நெருக்கம்’ இரு கரைக்கும் பொது. ஒலி அலைப் பாடத்தில் நெருக்கம் என்று நாம் படித்ததும், அங்கே நெருக்கல் என்று படித்ததும் ஒன்றுதான்.

சரி, இக்னிஷன். இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு வசதியைக் கையில் கொடுத்திருக்கிறது. ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் ஒன்றுதான். நம்மிடம் ‘மூட்டு’ இருக்கிறது, ‘பற்று’ இருக்கிறது. தீயை ஒருவர் மூட்டவேண்டும். பற்றுவது தானாகப் பற்றும். இரண்டு எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு சரியாக இதுதான். லாரிக்கு ஏன் டீசல் என்ற கேள்விக்கு விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் கலந்த பிறகே நெருக்கப்படுகின்றன. எந்த வாயுவையும் சட்டென்று நெருக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுட்டது நினைவிருக்கும். அளவுக்கு மேல் நெருக்கினால், தீப்பொறி கிளப்பிய தீ பரவி வருவதற்குள் சிலிண்டர் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே படாரென்று எரிந்துவிடும். மெக்கானிக்குகள் ‘நாக் அடிக்குது’ என்பார்களே, அது. விடாமல் நாக் அடித்தால் பிஸ்டன் போய்விடும். அதனால்தான் பெட்ரோல் எஞ்சினின் நெருக்க விகிதத்தை, அதாவது எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்பதை, பொதுவாக 9 முதல் 12 வரையில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

டீசல் எஞ்சினில் நெருக்கப்படுவது வெறும் காற்று. எரிய எதுவும் உள்ளே இல்லாதபோது முன்கூட்டியே எரிந்துவிடும் என்ற பயமும் இல்லை. 16, 17, 18 மடங்கு தாராளமாக நெருக்கலாம். அந்த நெருக்கத்தில் காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் தானாகப் பற்ற 200 சொச்சம் டிகிரி போதும். கடைசி நொடியில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது, அது பற்றிக்கொள்கிறது. மூட்ட ஆள் தேவையில்லை.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் குப்பென்று பிடிப்பது பெட்ரோல், டீசல் அவ்வளவு லேசில் பிடிக்காது. ஆனால் குச்சியே இல்லாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் முதலில் பற்றுவது டீசல்தான். பெட்ரோலின் ஆக்டேன் எண், அது தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. டீசலின் சீட்டேன் எண், எவ்வளவு தாமதமின்றிப் பற்றும் என்பதை. பி.எஸ். 6 (இந்தியாவின் வாகனப் புகை விதி) டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்கவேண்டும். ஒன்றில் நல்ல குணம் மற்றொன்றில் கெட்ட குணம். மூட்டு, பற்று என்று பெயரிலேயே பிரித்துவிட்டால் இதை விளக்கத் தனிப் பத்தி தேவைப்படாது.

இப்போது லாரி. எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு விரியவும் விடலாம். சூட்டிலிருந்து வேலையைக் கறப்பது அந்த விரிவில்தான். நல்ல லாரி எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 40 முதல் 45 சதவீதம் வரை வேலையாக மாற்றும். சாதாரண பெட்ரோல் கார் எஞ்சின் 30, 35ஐ ஒட்டி நிற்கும், அதுவும் அதன் உச்சத்தில். கலவை விகிதம் மாறாமலிருக்க பெட்ரோல் எஞ்சின் காற்றின் வழியை அடைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த அடைப்புக்கு எதிராக மூச்சிழுப்பதே ஒரு செலவு. டீசலில் காற்றை முழுதாக விட்டுவிட்டு, பீய்ச்சும் டீசலை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றலும் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகம். வருடத்துக்கு லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இதெல்லாம் சேர்ந்தால் முதலாளியின் கணக்கே மாறிப்போகும்.

முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தண்டைச் சுழற்றும் வலு, அந்த விஷயத்துக்கு வருகிறேன். டர்போ (சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத இரண்டு எஞ்சின்களை ஒரே கொள்ளளவில் வைத்துப் பார்த்தால் டீசலின் முறுக்கம் பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். (விசை வேறு, முறுக்கம் வேறு. ‘விசை’யை விட்டு ‘முறுக்கம்’ என்றே எழுதலாம் என்பது என் கட்சி. ஓட்டுநர்கள் ‘இழுவை’ என்பார்கள், அழகான சொல், ஆனால் அதற்குள் கியரும் அடங்கிவிடுகிறது.) இன்றைய லாரியின் முறுக்கம் டர்போவிலிருந்தும் பெரிய சிலிண்டரிலிருந்தும் வருகிறது. வால்வோவின் 13 லிட்டர், 540 குதிரைத்திறன் எஞ்சின் 2600 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதுவும் நிமிடத்துக்கு 1000 சுற்றிலேயே. பெட்ரோல் எஞ்சினில் இப்படிக் காற்றைத் திணித்தால் நாக் அடிக்கும். சிலிண்டரைப் பெரிதாக்கினாலும் அடிக்கும், தீ ஓரம் போய்ச் சேர நேரமாகிறதே. பற்றும் எஞ்சினுக்கு இந்தக் கடிவாளம் இல்லை. கப்பல் எஞ்சின்களில் 96 சென்டிமீட்டர் விட்டத்தில் சிலிண்டர் வைக்கிறார்கள், ஆள் உள்ளே இறங்கலாம். ஆக முறுக்கம் விளைவு. காரணம் நெருக்கத்தில் இருக்கிறது.

அவ்வளவு நெருக்கத்தைத் தாங்க எஞ்சினைக் கனமாகத்தான் வார்க்கவேண்டும். காருக்கு அது சுமை, லாரிக்கு ஆயுள். பெரும்பாலான லாரி எஞ்சின்களில் சிலிண்டர் சுவர் தனிக் குழாய், லைனர் என்பார்கள். தேய்ந்தால் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, கீழே ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, பிஸ்டனை எடுத்துவிட்டு, பழைய லைனரை உருவுவார்கள். தண்ணீர் கசியாமலிருக்க ரப்பர் வளையம் மாட்டிய புது லைனரை இறக்கினால் அதே பிளாக் (எஞ்சினின் உடல்) மறுபடி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்.

> வரி குறைவு என்பதால்தானே இந்தியாவில் டீசல்?

காருக்கு அது பெருமளவு உண்மை, வரியும் விலைக் கட்டுப்பாடும் சேர்ந்து டீசலை மலிவாக வைத்திருந்தன. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது, பெட்ரோலோடு இருந்த இடைவெளி சுருங்கியது, அப்புறம் பி.எஸ். 6 செலவும் சேர்ந்துகொண்டது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. எந்த லாரிக்காரராவது பெட்ரோலுக்கு மாறினாரா? அமெரிக்காவில் பல சமயம் டீசல்தான் விலை அதிகம், அங்கேயும் நெடுந்தூர லாரி டீசலில்தான் ஓடுகிறது.

> எஞ்சின் பிரேக்கும் ஒரு காரணம்.

நேர்மாறு. ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் எஞ்சினில் காற்று அடைபட்டு வண்டியைப் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடி இல்லை. அதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து வேகம் குறைப்பது) தேவைப்பட்டது, நெருக்கிய காற்றைத் திறந்துவிட்டு வேகம் குறைக்கும் பிரேக்கை அமெரிக்க எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் யோசித்ததும் அதற்காகத்தான். இவையெல்லாம் வண்டி கியரில் இருந்தால்தான் பிடிக்கும். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள் என்று பலகை பலகையாக எழுதி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றுப் பத்தியில் ஒரு வரி சேர்க்கவேண்டும். ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897இலேயே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 26 சதவீதத் திறனைக் காட்டிவிட்டது. ஆனால் முதல் டீசல் லாரிகள் 1923–24இல்தான் வந்தன, பென்ஸும் எம்.ஏ.என்.னும் செய்தவை. இடையில் நின்றது எரிபொருளைப் பீய்ச்சும் வேலைதான். ஆரம்பத்தில் அதற்கே ஒரு பெரிய காற்று கம்ப்ரஸர் வேண்டியிருந்தது, தொழிற்சாலையில் வைக்கலாம், லாரியில் ஏற்றமுடியாது. 1927இல் டீசலைப் பீய்ச்சும் பாஷ் நிறுவனத்தின் பம்ப் தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவந்த பிறகு வழி திறந்தது. இந்தியாவில் டாடா–மெர்சிடஸ் பென்ஸ் டீசல் லாரி வந்தது 1954இல். அதற்கு முன் இங்கே ஓடிய செவ்ரலே, ஃபார்கோ லாரிகளில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். சோவியத்தின் ஸில் 130 லாரி 1960களிலும் வி8 பெட்ரோல் எஞ்சினோடுதான் வந்தது. அமெரிக்காவில் நடுத்தர லாரிகளுக்கு ஃபோர்டு இன்றும் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் விற்கிறது. குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு, புகையைச் சுத்தமாக்க வடிகட்டியும் யூரியாத் தொட்டியுமாக டீசலுக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது. ‘லாரி என்றாலே டீசல்’ என்று கட்டுரையில் எழுதவேண்டாம்.

‘பற்று’ என்றால் வரவு செலவுக் கணக்கு, ‘மூட்டு’ என்றால் முழங்கால் என்று கேலி வரும் என்று தெரியும். தனித்து நின்றால் வரலாம். ‘நெருக்கப்பற்று எஞ்சின்’, ‘பொறிமூட்டு எஞ்சின்’ என்று சேர்ந்து வரும்போது வராது.

முதல் வரிக்கு என் மாற்று இது:

“கனரக லாரிகளில் பெரும்பாலும் நெருக்கப்பற்று எஞ்சினே பொருத்தப்படுகிறது. அதில் காற்று மட்டும் நெருக்கப்படுவதால், பொறிமூட்டு எஞ்சினைவிட அதிகமாக நெருக்கவும், டர்போவால் கூடுதல் காற்றைத் திணிக்கவும் முடிகிறது. குறைந்த எரிபொருளில், குறைந்த சுற்றில் அதிக முறுக்கம் கிடைக்கிறது.”

‘நாக்’குக்கு ‘தட்டல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தியில்லை. பட்டறைப் பக்கம் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள்.