எரித்ரோபொயட்டின் ஊசி போட்டும் எச்.பி இறங்குது: டோஸைக் கூட்டலாமா?

வெள்ளவத்தை_தாதி:
டயலிசிஸ் நோயாளி, 58 வயது. எரித்ரோபொயட்டின் (செங்குழியம் செய்யத் தூண்டுற ஹோர்மோன் ஊசி) 4000 யூனிட், கிழமைக்கு 3 தரம், தோலுக்குக் கீழ, 9 மாசமாப் போகுது. எச்.பி (ஹீமோகுளோபின்) 10.4இல நிண்டது மூண்டு கிழமையில 9.5, 8.4, 7.3 எண்டு இறங்கிட்டுது. பெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுறது) 900. குருதிக்கசிவு இல்லை, அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி சரி, வெண்குழியமும் பிளேட்லெட்டும் சரி. டோஸைக் கூட்டுறதா, வேற பிராண்டுக்கு மாத்துறதா?

மச்சை:
ரெண்டும் வேண்டாம். முதல்ல ரெட்டிக்குலோசைட் (புதுசா வந்த இளம் செங்குழியம்) பாருங்கோ. கிழமைக்கு ஒரு கிராம் கணக்கில விழுகுதெண்டால் எலும்பு மச்சை செங்குழியம் செய்யிறதையே நிப்பாட்டிப்போட்டுது எண்டு யோசிக்கவேணும். பெரிட்டின் ஏறினதும் அதாலயா இருக்கலாம். இரும்பு செலவாகாமத் தேங்குது. லாப் சதவீதம் மட்டும் தந்தால் பெருக்கிப் பாருங்கோ: ஒரு மைக்ரோலீட்டரில செங்குழியம் 25 லட்சம், ரெட்டிக் 0.2% எண்டால் வெறும் 5,000. ஊசி 8 கிழமைக்கு மேல போன ஆளில 10,000க்குக் கீழ வந்தால் அந்த ஊசிக்கு எதிரா உடம்பு செய்யிற பிறபொருளெதிரிதான் (அன்ரிபொடி) சந்தேகம். அண்டைக்கே சிறுநீரக வைத்தியரிட்டச் சொல்லி ஊசியை நிப்பாட்டவேணும்.

வெள்ளவத்தை_தாதி:
நீங்கள் சொன்ன அதே 0.2தான் வந்திருக்கு! இதே வகையில வேற ஊசி, டார்பெபொயட்டின் குடுத்தால்?

கொட்டாஞ்சேனை_நெப்ரோ:
அதையும் அந்தப் பிறபொருளெதிரி பிடிக்கும். உடம்பு தானாச் சுரக்கிற கொஞ்ச எரித்ரோபொயட்டினையும் விடாது, அதாலதான் ஊசியே போடாத நோயாளியை விட வேகமா விழுகுது. நோயெதிர்ப்பை அடக்குற பிரெட்னிசொலோன் தொடங்க முதல் பிறபொருளெதிரிச் சோதனைக்குக் குருதி எடுத்து வையுங்கோ. பார்வோவைரஸ் பி19 எண்ட கிருமித் தொற்றும் இதே மாதிரித்தான் காட்டும், பி.சி.ஆர் கேளுங்கோ. மச்சையில செங்குழிய முன்னோடிகள் 5%க்குக் குறைவெண்டால் கிட்டத்தட்ட உறுதி. நோயெதிர்ப்பை அடக்காமல் இது தானா மாறுறது அரிது: பிரெட்னிசொலோன் கிலோவுக்கு 1 மி.கிராம், கூட சைக்ளோஸ்போரின் அல்லது சைக்ளோபொஸ்பமைட். அதுவரைக்கும் குருதி ஏத்தத்தான் வேணும். கிட்னி மாத்துற யோசனை இருந்தால் ஒவ்வொரு பையையும் யோசிச்சு ஏத்துங்கோ, எச்.எல்.ஏ (மற்ற ஆளின்ர கலங்களில இருக்கிற அடையாளப் புரதம்) பிறபொருளெதிரிகள் உண்டானால் பிறகு பொருந்துற கிட்னி கிடைக்கிறது பெரும்பாடு. வெண்குழியம் வடிச்ச குருதி நல்லது, ஆனா ஆபத்து முழுசாப் போகாது.

மச்சை:
ஏன் வந்ததெண்டும் பாருங்கோ. 1998இல எப்ரெக்ஸ் எண்ட எரித்ரோபொயட்டின் பிராண்டில இருந்து மனித அல்புமினை எடுத்துப் பொலிசோர்பேட் 80 சேர்த்தாப்பிறகுதான் ஐரோப்பாவில இந்தக் கேஸுகள் கூடினது, அநேகமா எல்லாம் தோலுக்குக் கீழ போட்ட ஆக்கள். குளிர் விட்டுப்போனாலும், உறைஞ்சாலும், குலுக்கினாலும் புரதம் திரளும். உடம்பு அதை அந்நியமாப் பார்க்கும். 2–8 பாகை, பிரிட்ஜ் கதவில வேண்டாம். பாமசியில இருந்து திறீவீலரில கொண்டுவரேக்க ஐஸ் பை பெட்டியில முட்டக்கூடாது, கடதாசி சுத்துங்கோ. வெயிலுக்குப் பயந்து உறைய வைக்கிற ஆக்கள்தான் இங்க கூட. பிராண்டையும் பட்ச் இலக்கத்தையும் கிளினிக் கொப்பியில எழுதி வைச்சீங்களா?