லேசரேஷனுக்கு வெட்டுக்காயம் வேண்டாம்

காயங்களுக்கான ஆங்கில மருத்துவச் சொற்களைத் தமிழாக்கும் பேச்சில், லேசரேஷனுக்கு (laceration) 'வெட்டுக்காயம்' என்றே போட்டுவிடலாம், மக்களுக்குப் பழகிய சொல் என்கிறீர்கள். பழகிய சொல்தான். ஆனால் தடயவியல் மருத்துவத்தில் அது பொருளையே தலைகீழாக்கிவிடும். லேசரேஷன் என்பது மழுங்கிய பொருள் பட்டு வருவது. தடி, கல், தரை, மோதிய வண்டி என எதுவும் காரணமாக இருக்கலாம். கூரான விளிம்புள்ள ஆயுதம் மட்டும் காரணமாக இருக்காது. அறிக்கையில் வெட்டு என்று எழுதிவிட்டால், நீதிமன்றத்தில் கத்தி எங்கே என்றுதான் கேட்பார்கள்.

தலையில் பட்ட அடியைப் பாருங்கள். தோலுக்குக் கீழேயே மண்டையோடு. தடியால் ஓங்கி அடித்தால் இரண்டுக்கும் நடுவே தோல் நசுங்கி, நேர்கோடாகப் பிளந்துகொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் கத்தி பட்டது போலவே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். விளிம்பில் சிராய்ப்பும் கன்றலும் தெரியும். முடியின் வேர் நசுங்கியிருக்கும். காயத்தை விரித்தால் உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் அறுபடாமல், நார்நாராக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். கத்தியாக இருந்தால் இந்த நார்கள் மிஞ்சாது, முடியும் சீராக அறுந்திருக்கும்.

அதனால் என் ஓட்டு 'கிழிகாயம்'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள். 'சிதைகாயம்' என்ற யோசனையும் வந்தது. பிணம் அழுகுவதையும் சிதைவு என்றுதான் எழுதுகிறோம், ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் குழப்பம். 'பிளவுக்காயம்' நல்ல சொல், அதை மேலே சொன்ன தலைக்காய வகைக்கு மட்டும் ஒதுக்கலாம்.

சரி, வெட்டுக்காயத்தை எங்கே வைப்பது? கூர்விளிம்பு இழுபட்டு வரும் இன்சைஸ்டு ஊண்டுக்கு (incised wound) அதைத்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதிலும் ஒரு நெருடல். தமிழில் வெட்டு என்றால் ஓங்கி இறங்குவது. கூர்விளிம்பை வைத்து இழுப்பது அறுப்பு. கழுத்தை அறுத்தான், கையை வெட்டினான் என்று பேச்சிலேயே பிரித்துத்தான் சொல்கிறோம். அரிவாள், கோடரி போன்ற கனமான ஆயுதத்தால் வரும் சாப் ஊண்டுக்கு (chop wound) வெட்டுக்காயம் கச்சிதமாகப் பொருந்தும். ஆழத்தைவிட நீளம் கூடி, ஒரு முனையில் வால் போல் மெலிந்து முடிகிற இன்சைஸ்டு ஊண்டுக்கு 'அறுப்புக்காயம்'. சுருக்கி 'அறுகாயம்' ஆக்கலாம் என்று முதலில் எனக்கும் ஆசைதான். அறுசுவை மாதிரி, ஆறு காயங்கள் என்று யாராவது எண்ணிவிடுவார்கள்!

சிராய்ப்பு, கன்றல் என்ற சொற்கள் இரண்டிலும் எனக்குத் தகராறு இல்லை.

மிச்சம் இருப்பது, கூர்முனை உள்ளே இறங்கி வரும் ஸ்டாப் ஊண்டு (stab wound). நீள அகலத்தைவிட ஆழம் அதிகம். 'குத்துக்காயம்' பழக்கத்தில் இருக்கிறது, ஆனால் முஷ்டியால் குத்தினாலும் குத்துதான். 'கத்திக்குத்து' என்றால், காயத்தை விவரிக்க வேண்டியவர் ஆயுதத்தையே தீர்மானித்துவிட்டதாக ஆகும். உடைந்த கண்ணாடிச் சில்லும் அப்படி இறங்கும். 'துளைகாயம்' என்று வைத்தால் துப்பாக்கிக் குண்டு உள்ளே வந்துவிடுகிறது. 'செருகுகாயம்' என்று ஒன்று தோன்றுகிறது, உச்சரிக்கத்தான் நாக்கு தடுக்குகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.